கல்யாணத்துக்கும் ஒரு சிட்டை வேண்டும்



கடந்த தை மாதம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் நம் நண்பர் ஒருவர் தம் மகள் கல்யாணத்தை நடத்தினார். அவரும் நம்மைப் போல மொத்த வியாபாரிதான். முன்பணம் கட்டப் போன அன்று துணைக்கு நம்மையும் அழைத்துப் போயிருந்தார். விடுதிக்காரர்கள் பதினோரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தத்தை மேசை மேல் வைத்தார்கள். எத்தனை இலை, எத்தனை அறை, ஒலிபெருக்கி இரவு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், மழை வந்தால் பந்தியை எந்தக் கூடத்துக்கு மாற்றுவது, தேதி தள்ளிப் போனால் முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்று அத்தனையும் அதில் இருந்தது. நண்பர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு இடத்தில் பேசித் திருத்த வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வியாபாரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாமும் மனதுக்குள் மெச்சிக்கொண்டோம்.

அங்கிருந்து கிளம்பி, திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் பேச்சோடு பேச்சாக, "பெண்ணுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டோம். "எண்பது சவரன்" என்றார். "அதற்குப் பட்டியல் எழுதியாகிவிட்டதா? இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்களா?" என்றோம். நண்பர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னண்ணே, கல்யாணத்தில் போய்ப் பத்திரம், கையெழுத்து என்று அபசகுனமாகப் பேசுகிறீர்களே!" என்றார்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பதினோரு பக்கம். ஆயுள் முழுவதற்கும் ஒரு வரிகூட இல்லை. நண்பரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பத்து வருடங்களுக்கு முன் நாமும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். அப்படிச் சொன்னதற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதைச் சங்கத்துச் சகோதரர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

நம் வீட்டில் நடந்தது

நமக்கு வயது அறுபத்தாறு. செங்கல்பட்டில் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் மொத்த வியாபாரம். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவர்கள் நாம். 2013-இல் நம் மூத்த மகனுக்குக் கல்யாணம் செய்தோம். சம்பந்தி திருக்கழுக்குன்றத்துக்காரர், கௌரவமான குடும்பம். நாம் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகத் தம் பெண்ணுக்கு அறுபது சவரன் போட்டு அனுப்பினார்கள்.

2015 டிசம்பர் மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. நம் கிடங்கிலும் இடுப்பளவு தண்ணீர். சர்க்கரை கரைந்து போனது, பருப்பு முளை விட்டது. சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அப்போது மருமகள்தான் தானாகவே நகைப் பெட்டியைக் கொண்டு வந்து மகனிடம் கொடுத்தாள். நகைகள் அடகுக்குப் போயின. கடை எழுந்து நின்றது. பிறகு கொஞ்சம் மீட்டோம். 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த நேரத்தில் முதல் முடங்கியதால் மறுபடியும் வைத்தோம். சிலவற்றை விற்றுப் பழைய வட்டியைக் கட்டினோம். எல்லாம் மகன் பெயரில், மகன் கணக்கில். நம் பேரேட்டில் இதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. வீட்டு நகைக்கு என்ன கணக்கு என்று இருந்துவிட்டோம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நம் மகன் போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்துச் சம்பந்தி வந்தார். பேத்தியின் எதிர்காலத்துக்காக, பெண்ணின் நகை நிலவரத்தைக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. மகனின் மேசையில் அடகுச் சீட்டுகள் இருந்தன. எது மீட்டது, எது விற்றது என்று அவற்றிலிருந்து தெரியவில்லை. கடைக்குப் போனது 42 சவரன் என்றார் அவர். 31-தான் என்று நாம் நினைத்தோம். எட்டு வருடம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினோம். நம் மனைவி கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம், நெக்லஸ், வங்கி என்று விரல் விட்டு எண்ணினாள். மகன் மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற படத்தைப் பார்த்து நகைக் கணக்கு எடுக்க வேண்டிய நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

மூன்றாவது முறை உட்கார்ந்தபோதுதான் மருமகள் உள்ளே போய், பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டு வந்தாள். எந்தத் தேதியில் எந்த நகை போனது, எது திரும்பியது, எது விற்றது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். கூட்டிப் பார்த்தோம். திரும்பி வராதது 42 சவரன். அவர்கள் சொன்னதே சரி. "இதை முன்னாடியே காட்டியிருக்கலாமேம்மா" என்றோம். "காட்டினா நம்பாம எழுதி வெச்சிருக்கேன்னு நினைப்பீங்களோன்னு பயமா இருந்தது மாமா" என்றாள்.

அந்த வார்த்தை நமக்குள் இன்னும் கிடக்கிறது. எழுதி வைப்பது அவநம்பிக்கை என்று நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு வழக்கத்தை வளர்த்திருக்கிறோம். அந்த வழக்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தது யார்? வந்த இடத்தில் பலமில்லாத ஒரு பெண்பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகை போனபோது சவரன் 20,000 ரூபாயை ஒட்டி இருந்தது. கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது 35,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பழைய விலைக்குப் பணமாகத் தருவதா, எடைக்கு எடை தங்கமாகத் தருவதா? இதுவும் எழுதப்படவில்லை. எடைக்கு எடை தருவதே நியாயம் என்று முடிவு செய்து, இரண்டு வருடத்தில் கொடுத்து முடித்தோம். கடையின் முதலில் பெரும்பகுதி அதில் போனது. வருத்தமில்லை. அது அவளுடைய பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்த அனுபவத்துக்குப் பிறகு, செங்கல்பட்டு கோர்ட்டில் நெடுங்காலமாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர் நண்பரிடம் பலமுறை உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

மேல்நாடுகளில் கல்யாணத்துக்கு முன்பே, பிரிந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒப்பந்தம் போடும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில்கூட முன்பெல்லாம் இதற்கு மதிப்புக் குறைவு. 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இருவரும் விளங்கிக்கொண்டு மனமொப்பிச் செய்த ஒப்பந்தத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் கோவாவில் 1867-ஆம் வருடத்துப் போர்த்துகீசியச் சிவில் சட்டத்தின் வழியில், கல்யாணத்துக்கு முன்பே சொத்து விஷயத்தை எழுதிப் பதிவு செய்ய இடமிருக்கிறது. எழுதாவிட்டால் கணவன் மனைவி இருவருக்கும் சொத்து பொது.

நம் பக்கத்து இந்துக்களுக்கு அப்படி இல்லை. 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தில் இத்தகைய ஒப்பந்தத்துக்குத் தனிப் பிரிவு எதுவும் கிடையாது. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. மாப்பிள்ளை காலமெல்லாம் மாமியார் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியதை 1901-இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று மனைவியிடம் எழுதி வாங்கினாலும் நீதிமன்றம் அதை ஏற்பதில்லை. இவ்வளவு தருகிறோம், அதற்காகப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால், அது 1961-ஆம் வருடத்து வரதட்சிணைத் தடைச் சட்டப்படி செல்லாது. எழுதியவர்கள் மேல் வழக்கும் வரும்.

அப்படியானால் எழுதவே கூடாதா என்றால், அங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இருக்கிறது. எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, கேட்காமல் மனமுவந்து கொடுக்கும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியலைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியலை மாப்பிள்ளையும் வைத்திருக்க வேண்டும். கல்யாணத்தின்போதோ, முடிந்தவரை சீக்கிரமோ எழுத வேண்டும். பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு முறை ஆகியவை இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது வருடங்களாக இந்த விதி இருக்கிறது. மொய் எழுத இரண்டு பேரை மேசை போட்டு உட்கார வைக்கிற நாம், இந்தப் பட்டியலுக்கு ஒருவரையும் உட்கார வைப்பதில்லை.

பெண்ணுக்குப் போட்ட நகை யாருடையது என்பதிலும் சந்தேகமில்லை. அது சீதனம், அவளுக்கே முழு உரிமை, கணவனும் அவன் வீட்டாரும் அதைப் பாதுகாத்துத் தர வேண்டியவர்களே தவிர உடைமையாளர்கள் அல்ல என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், 89 சவரன் நகையைக் கணவன் வீட்டார் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் தரும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு. நம் கடைகளில் எத்தனை கடைகள் மருமகளின் நகையில் நிமிர்ந்தவை என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும். அது லாபமல்ல, கடன்.

எழுதுவது நமக்குப் புதிதா?

கல்யாணத்தில் எழுத்து என்பது வெள்ளைக்காரன் வழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியல்ல. நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை எழுதிச் சபையில் உரக்க வாசித்துத் தாம்பூலம் மாற்றுகிறோமே, அது என்ன? இன்னார் மகளை இன்னார் மகனுக்கு இன்ன நாளில் கொடுப்பதாக இரண்டு குடும்பங்கள் செய்துகொள்ளும் எழுத்துதானே.

வணிகத்தில் பெயர் பெற்ற நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் என்று ஒன்று எழுதுவார்கள். இரு வீட்டாரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளும் திருமண ஆவணம் அது. அதோடு அங்கே பெண்ணின் பணத்தைக் கணவன் கடையில் போட்டால் அவள் பெயரில் தனிப்பற்று எழுதி வட்டி சேர்க்கும் வழக்கமும் இருந்தது. கடல் கடந்து பர்மா, மலேயா வரை கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள், வீட்டுப் பெண்ணின் பணத்தையும் கணக்கில் வைத்தார்கள். அதனால் அவர்கள் குடும்பப் பாசம் குறைந்துவிட்டதா?

இஸ்லாமியச் சகோதரர்கள் நிக்காஹ்வின்போது மஹர் தொகையைச் சாட்சிகள் முன் சொல்லி ஜமாஅத் பதிவேட்டில் எழுதுகிறார்கள். அது பெண்ணின் உரிமை. யாழ்ப்பாணத்தில் 1707-இல் டச்சுக்காரர் காலத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம், முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டது. பரம்பரையாக வந்தது எது, பெண் கொண்டு வந்தது எது, இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தேடியது எது என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டைக்கு இடமே இல்லை. அங்கே சீதன உறுதியை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தாலி கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

நம் தொண்டை மண்டலத்திலேயே ஒரு சாட்சி கல்லில் இருக்கிறது. வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில், விஜயநகர மன்னர் தேவராயர் காலத்தில், 1425-ஆம் வருடத்தை ஒட்டி வெட்டிய கல்வெட்டு அது. படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள் கன்னடர், தமிழர், தெலுங்கர் என்று வேறுபாடில்லாமல் கூடி, இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுப்போம், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு உள்ளாவார்கள், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்று ஒப்பந்தம் செய்து ஒப்பமிட்டார்கள். அறுநூறு வருடத்துக்கு முன் நம் பக்கத்து மக்கள் கல்யாண விஷயத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் காகிதத்துக்குக் கூச்சப்படுகிறோம்.

என்ன எழுதலாம்?

பிரிந்தால் இவ்வளவு என்று எழுத வேண்டாம். அது செல்லவும் செல்லாது, நம் மனதுக்கு ஒப்பவும் ஒப்பாது. சேர்ந்து வாழ்வதற்கான கணக்கை எழுதுவோம். வியாபாரக் குடும்பத்துக்கு ஐந்து காகிதம் போதும்.

முதலாவது, மேலே சொன்ன பரிசுப் பட்டியல். நகையின் பெயர், எடை, கல் எடை கழித்த நிகர எடை, கடை ரசீது எண் எல்லாம் எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். இரு பக்கப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் நல்லது. இரண்டு பிரதி எடுத்து வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மருமகளின் நகையோ பணமோ கடைக்குப் போனால், அன்றே கடைப் பேரேட்டில் அவள் பெயரில் வரவு வைக்க வேண்டும். நகையாக வந்தது நகையாகவே, இன்ன எடையில் திரும்பும் என்று ஒரு சீட்டு எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும். இது ஒன்றைச் செய்திருந்தால் நம் வீட்டில் அந்த மூன்று நாள் பேச்சுவார்த்தை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

மூன்றாவது, கூட்டு வியாபாரப் பத்திரம். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானவுடன் இதை எடுத்துப் படிக்க வேண்டும். 1932-ஆம் வருடத்துக் கூட்டு வணிகச் சட்டப்படி, வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, ஒரு பங்காளி இறந்தால் கூட்டு கலைந்துவிடும். கணக்கு முடிக்காமல் மற்றவர்கள் தொடர்ந்து வியாபாரம் செய்தால், இறந்தவரின் வாரிசுகள் அவர் முதலுக்கு உரிய லாபத்தையோ, வருடத்துக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். வாரிசு யார் என்பதிலும் தெளிவு வேண்டும். மகன் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவன் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் சம வாரிசுகள். தகப்பன் அந்த முதல் வரிசையில் இல்லை. கடையைத் தொடங்கியவர் தாமே என்றாலும், மகன் பங்கில் தமக்கு இடமில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நமக்கும் 2021-இல்தான் தெரிந்தது. ஆகவே பங்காளி இறந்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது, விதவையான மருமகள் விரும்பினால் பங்காளியாக வரலாமா என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும்.

நான்காவது, ஆயுள் காப்பீடு. 1874-ஆம் வருடத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவின்படி, கணவன் தன் பெயரில் எடுக்கும் பாலிசியை மனைவி, மக்கள் நன்மைக்கென்று குறிப்பிட்டு எடுத்தால், அது அவர்களுக்கான அறக்கட்டளைப் பொருள் போல ஆகிவிடும். கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இந்த வசதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நம் சென்னை மாகாணத்தில் 1913-ஆம் வருட முடிவிலிருந்தே உண்டு. மற்ற மாகாணங்களுக்கு 1923-இல்தான் வந்தது. நமக்கு முதலில் வந்த வசதியை நாம்தான் மறந்திருக்கிறோம். பாலிசி எடுக்கும்போதே இதைக் குறிப்பிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. கடன் கொடுத்து வாங்குகிற தொழிலில் இருப்பவனுக்கு மனைவியின் பெயரில் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

ஐந்தாவது, உயில். கல்யாணம் ஆகும் மகனும், அவன் தகப்பனாகிய நாமும் எழுத வேண்டும். இதற்கு முத்திரைத் தாளும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் போதும்.

எழுதக் கூடாதது ஒன்றும் உண்டு. "உனக்குச் சீர் செய்தாயிற்று, சொத்தில் பங்கில்லை" என்று கல்யாணத்தன்று மகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கும் வழக்கம் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. அன்று மணமாகாதிருந்த பெண்களுக்கு அது கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மணமான பெண்களுக்கும் அந்த உரிமை வந்தது. அது பிறப்பிலேயே வரும் உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சீர் வேறு, பங்கு வேறு. கண்ணீரோடு மணையில் உட்காரப் போகிற பெண்ணிடம் வாங்கும் கையெழுத்து, பிற்காலத்தில் அண்ணன் தங்கையைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தும்.

மருமகள் கடைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவன் வெளிநாட்டில் சம்பாதிக்க மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதும் உழைப்புதான், அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. விடியற்காலை லோடு வரும்போது கடைப் பையன்களுக்குச் சேர்த்து உலை வைக்கிற நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று நாம் நினைக்கிறோம்.

நம்பிக்கை இல்லாதவர்களா எழுதுகிறார்கள்?

கடைசியாக, நண்பர் சொன்ன அபசகுனப் பேச்சுக்கு வருவோம். முப்பது வருடம் சரக்கு வாங்குகிற மண்டிக்காரரிடமும் நாம் சிட்டை இல்லாமல் மூட்டை இறக்குவதில்லை. அவர் மேல் நம்பிக்கை இல்லையா? உண்டு. முப்பது வருடமாக அந்த நம்பிக்கை கெடாமல் இருப்பதற்கே காரணம் அந்தச் சிட்டைதான். அவர் மறந்தாலும் நாம் மறந்தாலும், ஏன் யாரேனும் ஒருவர் இல்லாமல் போனாலும் சிட்டை பேசும். "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்று நம் அப்பா கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கடைக்கு மட்டும் என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கல்யாண வீட்டில் பெண் வீட்டார் வாய் திறந்தால் குறை வரும். ஆகவே மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் பேச வேண்டும். "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவது அவளுடையது, பட்டியல் எழுதி எங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நிச்சயதார்த்தச் சபையிலேயே சொல்கிற சம்பந்தியைப் பெண் வீட்டார் எப்படி மதிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் வீட்டுத் திருமணத்துக்குச் சங்கத்தின் சார்பில் வாழ்த்து மடலும் அன்பளிப்பும் தருகிறோம். அதோடு, 1985 விதிகளின்படியான பரிசுப் பட்டியல் படிவம் இரண்டு பிரதிகளை அச்சிட்டு ஓர் உறையில் போட்டுத் தரலாம். சங்கம் தந்தது என்றால் எந்த வீட்டாருக்கும் மனத்தாங்கல் வராது. வருடத்துக்கு ஒரு முறை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, கூட்டுப் பத்திரம், உயில், காப்பீடு பற்றி உறுப்பினர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு மாலை வகுப்பு நடத்தலாம்.

நம் இளைய மகனுக்கு வரும் ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை வாசித்து முடித்ததும், பட்டியல் பற்றி நாமே எழுந்து சபையில் சொன்னோம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பெண்ணின் பாட்டி, "இதை முன்னாடியே எல்லாரும் செஞ்சிருக்கணும்" என்றார். பட்டியலை எழுதப் போவது நம் மூத்த மருமகள். அவள் இப்போது நம் கடையில் பங்காளி. கணக்கும் அவள் பொறுப்பில்தான். அந்தப் பென்சில் நோட்டு நம் கல்லாப் பெட்டியில் இருக்கிறது.